மருங்காபுரிக்கு ஒரு மூக்கு

மருங்காபுரி என்று சொன்னதும் ஐம்பது வயசைத் தாண்டிய அரசியல் ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1989 மார்ச் இடைத்தேர்தல்! பிரிந்து கிடந்த அ.தி.மு.க. ஒன்று சேர்ந்து, முடங்கிக் கிடந்த இரட்டை இலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மருங்காபுரியையும் மதுரை கிழக்கையும் ஜெயித்த கதையை டீக்கடையில் இன்றைக்கும் ஒரு மணி நேரம் சொல்வார்கள். டீக்காசு மட்டும் நாம் கொடுக்க வேண்டும். 2011 தேர்தலிலிருந்து அந்தப் பெயரில் தொகுதியே கிடையாது. மறுசீரமைப்பில் போய்விட்டது.

மற்றவர்களிடம் சொன்னால் ஒரே பதில்தான். "அது எங்கே சார் இருக்கு?"

திருச்சியிலிருந்து மதுரை நெடுஞ்சாலையில் சுமார் 60 கிலோமீட்டர். முதலில் விராலிமலை வரும். (மயிலுக்கும், முருகனுக்குச் சுருட்டு படைப்பதற்கும் பேர்போன அதே விராலிமலைதான். சாமிக்குப் படைத்தது என்று ஆபீஸில் ஆரம்பித்துவிடாதீர்கள்.) அடுத்து கொடும்பாளூர். இருக்குவேளிர் கட்டிய மூவர் கோயில். மூன்று இருந்த இடத்தில் இரண்டுதான் நிற்கிறது. பைக்கை நிறுத்த அந்த இரண்டே போதும். அதன் பிறகு பச்சை குறைந்து, கல்லும் கருவேலமுமாக வெயில் காய்கிற பூமி. துவரங்குறிச்சிக்குப் பக்கத்தில் மருங்காபுரி. ஒரு காலத்தில் பாளையம். அப்புறம் ஜமீன். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அதுவும் முடிந்து, இப்போது தாலுகா.

நான் அங்கே போனது அரண்மனை பார்க்க இல்லை. ஒரு பொடிக்காக.

கறி சுடுகிற பொடி. இப்போது சென்னையில், பெங்களூரில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி 'பார்பெக்யூ' என்று கரி அடுப்பு வைத்துப் புகை கிளப்புகிறார்களே, அதற்கு முன்னால் கறியின் மேல் உலர்ந்த மசாலாவைத் தேய்க்கிறார்கள் இல்லையா? அதேதான். அமெரிக்காக்காரன் அதற்கு 'ரப்' என்று பேர் வைத்து டப்பாவில் விற்கிறான். என் அத்தை அதற்குப் பேரே வைக்கவில்லை. 'கொல்லைப் பொடி' என்பாள். கொல்லையில் அடுப்பு மூட்டும் நாளுக்கு மட்டும் அரைக்கிற பொடி. அவ்வளவுதான் விளக்கம்.

அந்த நாள் தை மூன்றாம் தேதி. பஞ்சாங்கத்தைப் பிரித்தால் அன்றைக்கு 'கரிநாள்' என்று போட்டிருக்கும். நல்ல காரியம் கூடாதாம். எங்கள் பக்கத்து ஜனங்கள் எழுத்தை மட்டும் லேசாக மாற்றிக் 'கறிநாள்' ஆக்கிக்கொண்டார்கள். பொங்கலன்று சைவம். மாட்டுப் பொங்கலன்று திருவள்ளுவர் தினம், கறிக்கடை அரசாங்க உத்தரவுப்படி லீவு. (புலால் மறுத்தல் என்று ஒரு அதிகாரமே எழுதினவர் ஆயிற்றே, அவர் பேரில் ஒரு நாளாவது வேண்டாமா?) ஆக, மூன்றாம் நாள் விடியற்காலை கறிக்கடை வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் முதல் நாள் புதுப்பட ரிலீஸ் தோற்றுவிடும்.

அத்தை வீட்டுக் கறிநாளுக்கு உறவு, பங்காளி, பக்கத்துக் காட்டுக்காரர் என்று இருபத்தைந்து பேர் கூடுவார்கள். கரி அள்ளிப் போட ஒரு குழி, நாலு செங்கல், பழைய வீட்டு ஜன்னலிலிருந்து கழற்றின இரும்புக் கம்பிச் சட்டம். இவ்வளவுதான் சாமான். வாய்க்கால் தகராறில் ஆறு மாசம் முகம் கொடுத்துப் பேசாத ரெண்டு பங்காளிகள், "அந்தத் துண்டைத் திருப்பிப் போடப்பா, கருகுது" என்று முதல் வார்த்தை பேசிக்கொண்டது அந்தச் சட்டத்தின் பக்கத்தில்தான். கருகுகிற கறி முன்னால் வைராக்கியம் நிற்காது சார்.

2021 மே மாசம் அத்தைக்குக் கொரோனா வந்தது. ஆஸ்பத்திரிவரை போகாமல் பிழைத்துக்கொண்டாள். ஆனால் வாசனை போச்சு. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தால் தெரியாது. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான். பலருக்கு சில வாரத்தில் திரும்பின மூக்கு, அத்தைக்குத் திரும்பவில்லை. காது-மூக்கு-தொண்டை டாக்டர் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நாலு வாசனையைக் காலையும் மாலையும் முகரச் சொன்னார். மூளைக்கு மறுபடி வாசனை பழக்குகிற பயிற்சி. மூன்று மாசம் முகர்ந்தாள். "நாலும் காத்து மாதிரி இருக்கு" என்று டப்பாவை மூடிவிட்டாள்.

நாக்குக்குத் தனியாகத் தெரிவது ரொம்பக் கொஞ்சம். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, அப்புறம் கறிச்சாறில் வருகிற அந்த ஊறுகிற ருசி. காரம் ருசியே இல்லை, வலி. மிளகாயில் இருக்கும் கேப்சைசின், சூட்டை உணர்கிற நரம்பைத் தொட்டு "சுடுது" என்று பொய் சொல்லும். மல்லிக்கும் சீரகத்துக்கும் சோம்புக்கும் உள்ள வித்தியாசமெல்லாம் மூக்கின் வேலை. சந்தேகம் இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சோம்பையும் சீரகத்தையும் மென்று பாருங்கள்.

அதனால் மூக்கு போன கை என்ன செய்யும்? தெரிகிற ருசியைக் கூட்டும். 2022 கறிநாளில் அத்தை அரைத்த பொடியில் உப்பும் காரமும் தூக்கல். மல்லி தீய்ந்திருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தன. "பிரமாதம் அத்தாச்சி" என்று வாயாரப் பொய் சொன்னவர்கள்கூட உண்டு. ஆனால் எச்சில் இலை எடுத்தது அத்தை. இலை பொய் சொல்லாது.

அடுத்த வருஷம் கறிநாளுக்கு அடுப்பு மூட்டவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. பாக்கெட் மசாலா வாங்கிக் குழம்பு வைத்தார்கள். மாமா ஜன்னல் சட்டத்தைத் தூக்கி ஆட்டுக் கொட்டகைக்கு அடைப்பாக வைத்துவிட்டார். பங்காளிகள் அவரவர் வீட்டில் சமைத்துக்கொண்டார்கள்.

போன தை மாசத்துக்கு ஒரு வாரம் முன்னால் அத்தையிடமிருந்து போன். நான் ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு திருச்சியில் குப்பை கொட்டுகிறவன்.

"தம்பி, போகிக்கு முன்னாடி நாள் லீவு போட்டுட்டு வாடா."

"எதுக்கு அத்தே?"

"பொடி வறுக்கணும். எனக்குக் கை இருக்கு, கண்ணு இருக்கு, காது இருக்கு. நீ மூக்கை மட்டும் எடுத்துட்டு வா."

ஏன் நான்? அத்தைக்குப் பெண் கிடையாது. (ஏமாற்றம் உங்களுக்கு மட்டும் இல்லை.) ரெண்டு பையன்கள். ஒருத்தன் சிங்கப்பூர், இன்னொருத்தனுக்கு வருஷம் பூரா ஜலதோஷம். மிச்சம் நான்.

சாமான்களை வரும் வழியிலேயே காந்தி மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு போனேன். நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வசதியாகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆறு கிலோ கறிக்குத் தாங்கும். கொத்தமல்லி விதை 100 கிராம். குண்டு மிளகாய் 50. மிளகு 30. சீரகம் 25, சோம்பு 25. பச்சரிசி ஒரு கைப்பிடி. பட்டை ரெண்டு விரல் நீளம், கிராம்பு ஆறு, கல்பாசி ஒரு சிட்டிகை. மஞ்சள் தூள் ஒரு மேஜைக்கரண்டி. நிழலில் காய வைத்த கறிவேப்பிலை ரெண்டு கை. பூண்டை மெல்லிசாகச் சீவி வெயிலில் சலசலவென்று ஆகும்வரை காய வைத்து ஒரு கை. பூண்டும் கறிவேப்பிலையும் அத்தை ஏற்கெனவே முறத்தில் காய வைத்திருந்தாள். ஈரப் பூண்டு போட்டால் பொடி ரெண்டே நாளில் கட்டி தட்டிப் பூசணம் பிடிக்கும்.

உப்பு எங்கே என்று கேட்கிறீர்கள் அல்லவா? நானும் கேட்டேன்.

"உப்பைப் பொடியிலே போடுறவன் சமையக்காரன் இல்லே, கடைக்காரன்" என்றாள் அத்தை.

காரணம் பின்னால் வருகிறது.

விறகு அடுப்பு. மண் சட்டி இல்லை, அடி கனமான இரும்பு வாணலி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்கக் கூடாது. மல்லி வறுபடும் நேரத்தில் சீரகம் கரியாகிவிடும். ஒவ்வொன்றும் தனித்தனி ஈடு.

முதலில் அரிசி. பொரிந்து, செம்மண் நிறம் வரவேண்டும். இது கண் வேலை. அத்தையே பார்த்துக்கொண்டாள். அரிசி எதற்கு? சுடும்போது கறியிலிருந்து வெளியே வருகிற ஈரத்தை இந்த அரிசித் தூள் குடித்துக்கொண்டு, மேலே மொறுமொறுவென்று ஒரு ஓடு கட்டும்.

அடுத்து மிளகு. "இது காது வேலை" என்று கண்ணை மூடிக்கொண்டாள். படக் என்று ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அப்புறம் படபட. மூன்றாவது படபடவில் இறக்கிவிட்டாள். சீரகமும் காதுதான். பொரி சத்தம் தொடங்கி ஓயப் போகிற நேரம் இறக்க வேண்டும். ஓய்ந்த பிறகு இறக்கினால் கசப்பு.

வில்லன் மல்லி. அது வெடிக்காது, பொரியாது. நிறமும் சட்டென்று மாறாது. மாறினால் காலம் கடந்துவிட்டது. மல்லிக்கு மூக்கைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

"இப்ப என்னா வாசனை? சொல்லு."

"மல்லி வாசனை அத்தே."

"அடப் போடா! அது எனக்குத் தெரியாதா? எதுமாதிரி இருக்குன்னு சொல்லு."

வாசனையை வார்த்தையில் சொல்லிப் பாருங்கள் சார், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறதெல்லாம் ஒரு கஷ்டமா என்று தோன்றும். நான் வாணலிக்குமேல் குனிந்து முகர்ந்தேன்.

"பச்சையா... வைக்கோல் மாதிரி."

"கிண்டு."

ஒரு நிமிஷம் போயிற்று.

"இப்ப ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி."

(பொய் இல்லை. மல்லி விதையின் எண்ணெயில் லினலூல் என்ற பொருள்தான் முக்கால்வாசி. பூவுக்கும் பழத்தோலுக்கும் இடைப்பட்ட ஒரு மணம் அதற்கு.)

"தோல்னா உரிச்ச உடனே வர்றதா, காய்ஞ்சு போனதா?"

"உரிச்ச உடனே."

"இன்னும் கொஞ்சம். கிண்டிக்கிட்டே இரு."

"இப்ப... கடலை வறுக்கிற எடத்துலே நிக்கிற மாதிரி இருக்கு. ஆரஞ்சும் இருக்கு."

"எறக்கு! எறக்கு!"

வாணலியை இறக்கி முறத்தில் கொட்டினோம். இறக்கி வைத்தால் மட்டும் போதாது, இரும்பின் சூட்டிலேயே கருகும். கொட்டிப் பரப்ப வேண்டும். அத்தை ஒரு மல்லியை எடுத்துக் கடித்தாள். மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பல்லுக்குத் தெரிந்தது. "சத்தம் சரியா இருக்கு" என்றாள். எனக்கு பி.காம். பாஸானபோதுகூட இவ்வளவு சந்தோஷம் இல்லை.

மிளகாயை வறுக்கவில்லை, வெயிலில் காய வைத்து, ஆறப் போகிற வாணலியில் ஒரு புரட்டு. அதற்கே ரெண்டு தெரு தும்மியது. அத்தை மட்டும் தும்மவில்லையோ என்று பார்த்தேன். தும்மினாள். காரம் வாசனை இல்லை அல்லவா, அது அவளையும் விடவில்லை. "பாத்தியா, முழுசாச் சாகலே" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அரைப்பது பெரிய ரவை பதம். நைஸாக அரைத்தால் கறியில் ஈரத்தோடு சேர்ந்து களி மாதிரி ஆகி, நெருப்பில் முதலில் கருகுவது அதுதான். அத்தை உரலில் இடித்தாள். மிக்ஸி உள்ளவர்கள் விட்டு விட்டு அடியுங்கள். சூடேற விடாதீர்கள்.

நடுவில் கொஞ்சம் வெளியூர் போய்வருவோம். 'பார்பெக்யூ' என்ற வார்த்தை கரீபியன் தீவுகளில் இருந்த தைனோ ஜனங்களுடையது. மரக்கொம்புகளில் கட்டிய பரணுக்கு அவர்கள் சொன்ன பேர், ஸ்பானிஷ்காரர் வாயில் 'பார்பகோவா' ஆகி, ஆங்கிலத்துக்குப் போயிற்று. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் 1948ல் சார்லி வெர்கோஸ் என்ற கிரேக்க வம்சாவளிக்காரர் சாப்பாட்டுக் கடை ஆரம்பித்தார். கடையின் நிலவறையில் பழைய கரி இறக்குகிற குழாய் ஒன்று இருந்தது. புகை போக வழி கிடைத்ததே என்று அங்கே கரி அடுப்புப் போட்டு, உலர்ந்த மசாலா தூவிய விலா எலும்பு விற்று உலகப் புகழ் பெற்றார். அங்கே பல வீட்டுப் பொடிகளில் நாட்டுச்சர்க்கரை மாதிரி ஒரு பழுப்புச் சர்க்கரை தாராளமாக விழும். மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கிறவர்களுக்கு அது சரி. நம்மைப் போல நேரடியாகத் தணலில் சுடுகிறவர்கள் போட்டால், சர்க்கரை கருகிக் கசக்கும். அத்தை கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து, கடைசி ரெண்டு நிமிஷத்தில் மட்டும் தடவுவாள். மெம்ஃபிஸ்காரர் யாரும் மருங்காபுரிக்கு வந்து சொல்லிக்கொடுத்ததாகத் தகவல் இல்லை.

நாமும் இதில் நேற்று முளைத்தவர்கள் இல்லை. சங்க இலக்கியத்துப் பொருநராற்றுப்படையில், கரிகால் சோழன் வீட்டு விருந்தில் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி வருகிறது. தின்று தின்று, உழுத கொழு தேய்ந்த மாதிரிப் பல் தேய்ந்துவிட்டது என்று அந்தப் பொருநர் சொல்கிறார். எப்பேர்ப்பட்ட கறிநாள்! ஒன்று மட்டும் நிச்சயம், அந்தக் கறியில் மிளகாய் இருந்திருக்காது. மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. கரிகாலனுக்கு மிளகுதான்.

கப்பலில் வந்த இன்னொரு விருந்தாளி சீமைக்கருவேலம். அமெரிக்காவின் டெக்சாஸில் கறி சுட 'மெஸ்கீட்' என்ற கட்டையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் அல்லவா, அதற்கு நம் சீமைக்கருவேலம் ஒன்றுவிட்ட தம்பி. நம்மூரில் கண்மாயைக் குடிக்கிற சனியன் என்று திட்டிக்கொண்டே, அதை வெட்டிக் கரி மூட்டம் போட்டு மூட்டை மூட்டையாக விற்கிறோம். தணலுக்கு நல்ல கரி. நின்று எரியும்.

சரி, கறிநாள் காலைக்கு வருவோம்.

விடியற்காலை நாலரைக்கு மாமாவோடு கறிக்கடை. ஆட்டில் சாப்ஸும் தொடைக்கறியும் நாலு கிலோ, இளங்குட்டியாகப் பார்த்து. கிழட்டு ஆட்டைச் சுட்டால் பொருநருக்குப் பல் தேய்ந்த கதைதான். கோழி ரெண்டு கிலோ. சுவரொட்டி தனியாக. (அது பிள்ளைகளுக்கு. மண்ணீரலைத் தணலில் வாட்டி உப்பு மிளகு தூவிக் கொடுப்பது எங்கள் பக்கத்துச் சட்டம். பெரியவர்கள் கைவைத்தால் அழுகை கேட்கும்.) கோழியை மஞ்சள் தடவிப் பனை ஓலை நெருப்பில் வாட்டியெடுத்தார்கள்.

ஆறு மணிக்கு உப்பு. கிலோவுக்கு 15 கிராம், பொடித்த கல் உப்பு. பொடி கிடையாது, வெறும் உப்பு. முதல் அரைமணியில் கறி வியர்த்தது. சட்டி அடியில் தண்ணீர் நின்றது. "கொட்டிடலாமா?" என்றேன். அத்தை கையைத் தட்டிவிட்டாள். அந்தத் தண்ணீரில் உப்பு கரைந்து, மறுபடி கறிக்குள்ளேயே போகும். நாலைந்து மணி நேரத்தில் சட்டி காய்ந்துவிடும். உப்பு மட்டும்தான் இப்படி உள்ளே நடந்து போகிற ஆசாமி. மல்லி, மிளகு, சோம்பு எல்லாம் எத்தனை மணி நேரம் ஊறினாலும் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கும், தோலுக்குக் கீழே போகாது. உப்பைப் பொடியில் கலந்துவிட்டால் ரெண்டையும் ஒரே நேரத்தில் தடவவேண்டி வரும். கறிக்கு உப்பு அதிகம் வேண்டும் என்றால் காரமும் கூடும். காரம் குறைத்தால் உப்பு பத்தாது. தனித்தனியாக இருந்தால் ரெண்டு லகானும் நம் கையில். உப்புக்கண்டம் போட்டுப் பழகின கைக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. கடைப் பாக்கெட்டில் உப்பு முன்னாலேயே இருப்பதால், அதை வாங்குகிறவர்கள் தனி உப்பைக் குறைத்துப் போட்டுக்கொள்ளவும்.

பதினோரு மணிக்கு, சுடுவதற்கு முக்கால் மணி முன்னால், பொடி. கிலோவுக்கு மூன்று நாலு மேஜைக்கரண்டி. நல்லெண்ணெய் கையில் தொட்டுக்கொண்டு அழுத்தித் தேய்க்க வேண்டும், தூவக் கூடாது.

ஸ்ரீரங்கத்திலிருந்து என் ஆபீஸ் நண்பர் ஒருவரும் வந்திருந்தார். சுத்த சைவம், பூண்டுகூடக் கிடையாது. "வேடிக்கை பார்க்கத்தான் வரேன்" என்று வந்தவர். அத்தை அவருக்கென்று பூண்டு போடாமல் ஒரு பங்கு பொடி தனியாக எடுத்து வைத்திருந்தாள். கொல்லையின் அடுத்த கோடியில் வேறு நாலு செங்கல், வேறு கம்பி. கத்தரிக்காய், சோளக்கதிர், பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு. எண்ணெயில் புரட்டிப் பொடியைத் தேய்த்துச் சுட்டார்கள். சர்க்கரைவள்ளியின் இனிப்புமேல் மிளகுக்காரம் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்டால் அரை மணி நேரம் சொல்வார்.

தணல் விஷயத்தில் மாமாதான் எஜமான். ஜன்னல் சட்டத்தை ஆட்டுக் கொட்டகையிலிருந்து எடுத்து, புளியும் மணலும் போட்டுத் தேய்த்துவைத்திருந்தார். ஆட்டுக்குத்தான் அடைப்பு போச்சு. நெருப்பு எரியும்போது கறி வைக்கக் கூடாது. கரிமேல் வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். இளவட்டங்கள் எல்லாரும் தோற்கிற இடம் இது. பசி பொறுக்காமல் சுவாலையில் வைத்து, வெளியே கரியும் உள்ளே பச்சையுமாகத் தின்பார்கள். மாமா தணலைக் குழியின் ஒரு பக்கமாக ஒதுக்கினார். கறியை முதலில் தணலுக்கு நேர்மேலே வைத்து இரு பக்கமும் நிறம் வாங்கி, பிறகு தணல் இல்லாத பக்கத்துக்குத் தள்ளி மெதுவாக வேகவிட வேண்டும். கோழிக்கு இது ரொம்ப முக்கியம். தொடை எலும்பு ஓரம் குத்திப் பார்த்தால் தெளிவான நீர் வரவேண்டும். சிவப்பு தெரிந்தால் இன்னும் இருக்கட்டும். ஒட்டாமல் இருக்க, தோசைக்கல்லுக்குத் தேய்ப்போமே, அந்த மாதிரி பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுக் கம்பியில் தேய்க்க வேண்டும். கொழுப்பு சொட்டித் தணலில் விழுந்து புகை எழும்ப, கொல்லை முழுக்க...

அந்த 'முழுக்க' என்ன என்று அத்தைக்குத் தெரியாது. கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். புகை அவள் பக்கம்தான் போயிற்று. கண் கலங்கிற்று. புகைதான் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். இப்போது எனக்குப் பழகிவிட்டது.

"கடலை வறுத்த மாதிரி அத்தே. நடுவுல ஆரஞ்சு. சோம்பு கொஞ்சம் முன்னாடி வருது."

"முன்னாடியா? அப்ப அஞ்சு கிராம் கொறைக்கணும்" என்று பக்கத்திலிருந்த மருமகளிடம் சொன்னாள். "எழுதி வச்சுக்கம்மா."

அந்தப் பெண் போனில் தட்டி வைத்துக்கொண்டது. அதுவரைக்கும் இந்தப் பொடிக்கு எழுத்தில் ஒரு வரி கிடையாது. அத்தைக்கு அவள் மாமியார் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது. கை, கண், காது, மூக்கு என்று நாலு காலில் நின்ற சமாசாரம் ஒரு கால் போனதும் படுத்துவிட்டது. இப்போது கிராம் கணக்கு இருக்கிறது. மல்லிக்கு நேராக "கடலை வறுக்கிற இடம் + ஆரஞ்சு" என்றும் எழுதியிருக்கிறது. வேறு எந்தச் சமையல் குறிப்பிலும் இந்த அளவை நான் பார்த்ததில்லை.

பந்தி முடிந்தது. வழக்கப்படி இலை எடுக்க அத்தையே எழுந்தாள். "நீங்க உக்காருங்க, நாங்க எடுக்கிறோம்" என்று மருமகள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே போனாள். எலும்பு இருந்தது. கறிவேப்பிலைகூட இல்லை. கொல்லைப்படலுக்கு வெளியே காத்திருந்த நாய் ரெண்டும் அவளை அண்ணாந்து பார்த்தன. "உங்களுக்கு ஒண்ணும் வைக்கலேடா பாவிங்க" என்றாள்.

மூக்கு இன்னும் வரவில்லை. கிராம்பு டப்பாவை மறுபடி திறந்திருக்கிறாள் என்று மருமகள் சொன்னது.

ஊருக்குத் திரும்பும்போது எனக்கு ரெண்டு பாட்டில் கட்டிக் கொடுத்தாள். காற்றுப் புகாத மூடி, ஈரக் கரண்டி படக் கூடாது, ரெண்டு மாசத்துக்குள் தீர்த்துவிடு, அதற்கப்புறம் இருப்பது நிறம்தான், வாசனை இல்லை என்று சட்டதிட்டங்களோடு. பூண்டு போட்டது எனக்கு. பூண்டு போடாதது ஸ்ரீரங்கத்து ஹவுஸ் ஓனர் மாமிக்கு. கொடுத்தபோது மாமி மூடியைத் திறந்து, கொஞ்சம் தள்ளி வைத்தே முகர்ந்து, "ஊறுகாய்ப் பொடியா?" என்றார். ஆமாம் என்றேனா, இல்லை என்றேனா என்று ஞாபகம் இல்லை.

போன வாரம் வாடகை கொடுக்கப் போனேன். சமையலறையிலிருந்து சேப்பங்கிழங்கு வறுக்கிற சத்தம். கூடவே கடலை, நடுவில் ஆரஞ்சு. பாட்டில் அடுப்பு மேடையில் இருந்தது. முக்கால்வாசி காலி.

"உங்க அத்தை மறுபடி எப்போ அரைப்பாளாம்?" என்றார் மாமி.